கொக்கிளாய்க் கரையிலே

முல்லைத்தீவிலிருந்து காலை பஸ்வண்டியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். சிலாவத்தை, அளம்பில், செம்மலை என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. நாயாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் உப்புக்காற்று முகத்திலடித்தது. வலப்புறம் காடும் வயலும், இடப்புறம் கடல். கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களைக் கடந்து கொக்கிளாயில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது.

ஊர்ப் பெயருக்கு ஏற்பக் களப்பிலே கொக்குகளுக்குக் குறைவில்லை. 1951-ஆம் ஆண்டிலேயே இக்களப்பு பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயின் நாம் வந்தது பறவை பார்க்க அன்று, மணல் பார்க்க.

கடற்கரையில் கால் வைத்தவுடன், எம்முடன் வந்த மாணவன் ஒருவன், "மணலுக்குள் கரித்தூள் கலந்தது யார்?" என வினவினான். அலை வந்து மீளுந்தோறும் வெண்மணலின்மேல் கருங்கோடுகள் படிந்தன. இல்மனைற்று எனப்படும் கனியமே அது. இதிலுள்ள டைட்டேனியத்திலிருந்துதான் வீட்டுச் சுவருக்குப் பூசும் வெண்ணிறப் பூச்சுக்கான தூள் செய்யப்படுகிறது. கரிய மணலிலிருந்து வெள்ளைப் பூச்சு என்றதும் மாணவன் எம்மை நம்பாத பார்வை பார்த்தான். கூடவே ரூட்டைல், சேர்க்கோன் ஆகியனவும் உண்டு. பின்னையது ஓடுகளுக்கு மெருகேற்ற உதவுவது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துக் கடலே இவற்றைக் கரையில் கொணர்ந்து சேர்க்கிறது. எடை மிகுந்த மணிகள் தங்க, இலேசான மணல் அலையோடு போய்விடும். மனிதர் செய்வதெல்லாம் அள்ளுவதும், கழுவுவதும், வலிய காந்தங்களால் பிரித்தெடுப்பதுமே.

முகத்துவாரத்துக்கு அப்பால் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தில், புல்மோட்டை. அங்கே இத்தொழிலுக்கென 1957-இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது; 1992-இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாறியது. அண்மை ஆண்டுகளில் இப்பக்கத்துக் கரையிலும் மணல் அகழக் காணி அளக்க முயன்றபோது ஊரவர் எதிர்த்து நின்ற செய்திகளைப் பத்திரிகைகளில் படித்தோம். நாம் இங்கு வந்ததன் காரணம் அதுவே.

தேநீர்க்கடையில் ஒரு முதியவரைச் சந்தித்தோம். கரைவலை இழுத்துக் காய்த்த கைகள். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஒருசேர வெளியேற்றப்பட்டபோது அவர் இளைஞர். போர் முடிந்தது 2009-இல். அதன் பின்னர்தான் சனங்கள் ஊர் திரும்பினர். கால் நூற்றாண்டுக்கு மேல் மனிதர் நடமாடாத காணிகளில் எல்லைக்கல்லும் வேலியும் எங்கே கிடைக்கும்? காணிப் பத்திரங்கள் பலரிடம் இல்லை. ஓடிய ஓட்டத்தில் அவை எங்கோ போயின.

"தம்பியவை, மண்ணெடுக்க வாறவை முதல் கச்சேரிக்குப் போகினம், பிறகு நில அளவைக்காரரோட வருகினம். எங்களிட்ட வாறது கடைசியாத்தான். அதையும் பொலிசோட வந்தால் நாங்கள் என்னெண்டு கதைக்கிறது?" என்றார் அவர்.

அவரது அச்சம் வெறும் பிடிவாதமன்று. கரையோர மணற்றிட்டியே கடலுக்கும் ஊருக்கும் நடுவேயுள்ள மதில். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை என்ன செய்தது என்பதை இங்கு எவரும் மறக்கவில்லை. மணல் அகன்றால் நல்ல தண்ணீர்க் கிணறு உவராகும், வலை இழுக்கும் துறையும் போய்விடும் என்று பெண்களும் கூறினர். வேலை கிடைக்குமே என்று சொன்ன இளைஞரும் இருந்தனர்; அதையும் மறைத்தலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டப்படி கனியங்கள் அரசுக்குரியவை. காணி உம்முடையதாயினும் அதிலுள்ள கனியம் உம்முடையதன்று. அவுஸ்திரேலியாவின் வடபுல ஆட்சிப்பகுதியிலோ 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வேறுவிதம். கனியம் அங்கும் அரசுக்குரியதே. ஆயினும் ஆதிக்குடிகளின் நிலத்தில் தேடுதல் நடத்த வரும் கம்பனி, நிலச்சபை வழியாக அவர்களின் இசைவைப் பெறல் வேண்டும். அவர்கள் மறுத்தால் ஐந்தாண்டுக்கு மீண்டும் கேட்க இயலாது.

அங்கும் இது எளிதில் வந்ததன்று. குயீன்ஸ்லாந்தின் மப்பூன் என்னும் ஊரில், பொக்சைட் அகழும் திட்டத்தின் நிமித்தம், 1963-இல் பொலிசார் மக்களை ஏற்றிச் சென்று வீடுகளுக்குத் தீயிட்டனர். அந்த வட்டாரத்தில் பதினொரு ஆதிக்குடிப் பிரிவினரும் கம்பனியும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது 2001-இல்தான். அதன் பின்னும் 2020 மே மாதத்தில் ஜூக்கன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர் தங்கிய அடையாளமுள்ள பாறைக்குகைகளை ரியோ டின்டோ கம்பனி வெடிவைத்துத் தகர்த்தது. அப்போது அச்செயல் சட்டப்படி குற்றமாகவும் இருக்கவில்லை. ஆனால் உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் கம்பனியின் தலைவரும் மேலும் இரு உயர் அதிகாரிகளும் பதவி நீங்கினர். கையெழுத்து ஒன்று, நடத்தை வேறொன்று என்பது அன்று வெளிப்பட்டது.

இவற்றை நாம் முதியவருக்குக் கூறினோம். மப்பூன் கதையை மட்டும் மீண்டும் கேட்டார். "எத்தனை வருசம் கழிச்சுக் கையெழுத்து வைச்சவை?" முப்பத்தெட்டு என்றோம். விரலை மடித்துத் தம் கணக்கையும் போட்டுப் பார்த்து, எழுந்து, வெற்றிலை வாங்கப் போனார்.

மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் மாணவன் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினான். ஒருபிடி கருமணல். அவனுடைய விஞ்ஞான ஆசிரியருக்காம். அதுவும் அரசுக்குரியதே என்று நாம் வேடிக்கையாகச் சொல்ல, அவன் சற்று யோசித்தான். பின்னர், திரும்பி வந்துகொண்டிருந்த முதியவரிடம் ஓடி, "ஐயா, இதைக் கொண்டு போகலாமோ?" என்று கேட்டான்.

"கொண்டுபோ, ராசா" என்றார் அவர்.