துப்பாக்கி ரேசரும் டோபாஸ் பிளேடும்

சவரத்துக்கு நாள் பார்த்த காலம் ஒன்று இருந்தது. செவ்வாய் வெள்ளி கூடாது, அமாவாசை கூடாது, பிறந்த கிழமை கூடாது. எங்கள் உத்திரமேரூரில் நாவிதர் வீட்டுக்கே வருவார். தாத்தா கிணற்றடிக் கல்லில் உட்காருவார். பிரஷ், நுரை எதுவும் கிடையாது. பச்சைத் தண்ணீரைத் தடவித் தேய்த்துவிட்டு, தோல் வாரில் தீட்டிய கத்தியால் இழுப்பதுதான். கூலி அறுவடைக்கு அறுவடை நெல். தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்ளும் பழக்கத்தை எங்கள் வீட்டில் ஆரம்பித்து வைத்தவர் அப்பா. அதற்குக் காரணம் ஒரு ஜில்லெட் செட்.

மூன்று துண்டு செட் அது. மேல் மூடி, அடித்தட்டு, பிடி. நடுவில் பிளேடை வைத்துத் திருகினால் அது வில் மாதிரி வளைந்து நிற்கும். பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய தகட்டுக்கு விறைப்பு வருவதே அந்த வளைவினால்தான். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் இதை 1903-ல் விற்க ஆரம்பித்தபோது அந்த வருஷம் முழுக்கப் போனது 51 செட், 168 பிளேடு. பிற்பாடு பிடியின் அடியைத் திருகினால் மூடி இரண்டு கதவாகத் திறக்கிற மாடலும் வந்தது. பார்க்க அழகு. ஆனால் நம்மூர் உப்புத் தண்ணீரில் சோப்பு படிந்து கதவு இறுகிவிடும். மூன்று துண்டு செட்டில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. அப்பாவின் செட்டில்தான் நான் இன்றைக்கும் வழித்துக்கொள்கிறேன்.

பிளேடு அப்போது மளிகைக் கடையில் ஒன்றொன்றாகக் கிடைக்கும். பாரத், பனாமா, அசோக், டோபாஸ் என்று பெயர்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பழைய கார்பன் ஸ்டீல் பிளேடு ஈரம் பட்டால் மறுநாளே துரு பிடிக்கும். அப்பா துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வந்த காகிதத்திலேயே மடித்து வைப்பார். முனை மழுங்கினால் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தித் தேய்ப்பார். அதில் உண்மையாகவே கூர் ஏறுமா என்று கேட்கக் கூடாது. முகத்துக்கு உதவாது என்றான பிறகும் அந்த பிளேடுக்கு ஓய்வு இல்லை. எங்களுக்குப் பென்சில் சீவ, அம்மாவுக்குத் தையல் பிரிக்க, பாட்டிக்குக் கால் நகம் வெட்ட என்று ஒரு வருஷம் ஓடும். 1962-ல் இங்கிலாந்தின் வில்கின்சன் கம்பெனி துரு ஏறாத பிளேடைக் கொண்டுவந்த பிறகுதான் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இன்னொரு ரகம் ரோல்ஸ் ரேசர். பெருமாள் கோயில் பக்கம் ரிட்டையரான ஒரு ரெவின்யூ அதிகாரி வைத்திருந்தார். தகரப் பெட்டிக்குள்ளேயே ஒரு பக்கம் சாணைக்கல், மறுபக்கம் தோல் வார். கனமான ஒரே பிளேடு, ஆயுசுக்கும் போதும். காலையில் அவர் அதை முன்னும் பின்னும் தள்ளித் தீட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். வழிப்பதைவிடத் தீட்டுவதற்கு நேரம் ஜாஸ்தி. பிளேடே விற்காமல் பிளேடு கம்பெனி எப்படிப் பிழைக்கும்? அந்தப் பெயரில் பிற்பாடு துணி துவைக்கிற மெஷின் விற்று, அதிலும் 1964-ல் திவாலானார்கள்.

இப்போது துப்பாக்கி ரேசருக்கு வருகிறேன். சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1961-ல் வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு ஷிக் இன்ஜெக்டர் ரேசர் கொண்டுவந்தார். தந்த நிறப் பிடி, தங்க முலாம் பூசிய சின்னத் தலை. பிளேடுகள் ஒரு தட்டையான உலோகப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டியின் நுனியில் சாவி மாதிரி ஒரு நீட்டம். அதை ரேசரின் பக்கவாட்டில் செருகி, விரலால் தள்ளினால், புது பிளேடு உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே விழும். கையால் பிளேடைத் தொடவே வேண்டாம். நாங்கள் அண்ணன் தம்பிகள் வைத்த பெயர்தான் துப்பாக்கி ரேசர். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது ரொம்பப் பின்னால் படித்தபோது தெரிந்தது. இதைக் கண்டுபிடித்த ஜேக்கப் ஷிக் அமெரிக்க ராணுவ அதிகாரி. தோட்டாக்களை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக மேலேறும் ராணுவத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை தோன்றியதாம். 1926-ல் வந்த முதல் மாடலில் பிளேடுகள் பிடிக்குள்ளேயே இருந்தன, பிறகுதான் தனிப் பெட்டி வந்தது. அந்த மனிதர் அதோடு நிற்கவில்லை. அந்தக் கம்பெனியை விற்றுவிட்டு மின்சார ரேசரில் இறங்கினார்.

அப்பா அதை ஒரு மாதம் உபயோகித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா இதுக்கு பிளேடு எங்க கிடைக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. ஜில்லெட் மாதிரி இரண்டு பக்க பிளேடு எந்தக் கம்பெனி செய்தாலும் எந்த செட்டிலும் பொருந்தும். இதற்கு இதன் பிளேடுதான். எழுபதுகளில் நான் சென்னையில் வேலையில் இருந்தபோது பர்மா பஜாரில் ஒரு கடையில் பார்த்து இரண்டு பெட்டி வாங்கி வந்தேன். அவையும் உள்ளேயே கிடந்தன.

2009-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 84. இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கொஞ்ச நாள் சலூன்காரர் வீட்டுக்கு வந்து வழித்துவிட்டார். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு நம்மூர் சலூன்களில் தீட்டுகிற கத்தி போய், டோபாஸை இரண்டாக ஒடித்துச் செருகுகிற பிடி வந்துவிட்டது அல்லவா, அதுதான் அவர் கையிலும். அவரும் செங்கல்பட்டுக்குக் குடிபோனார். பிறகு என் பொறுப்பு.

அடுத்தவர் முகத்தை வழிப்பது வேறு வித்தை. பல் போய்க் கன்னம் குழிந்த முகம். முதல் நாள் ஜில்லெட் செட்டை எடுத்துப்போனேன். ஒரு இழுப்பு இழுத்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தலை பருமன், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் போகாது. போதாததற்குக் கூர் இரண்டு பக்கம். படுத்திருப்பவர் திடீரென்று தலையை அசைத்தால் மறுபக்கம் எங்கே படுமோ என்ற பயம். கடையில் விற்கிற இரட்டை பிளேடு ரேசரில் நாலு நாள் தாடி சிக்கி அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் துப்பாக்கி ரேசரை எடுத்தேன். ஒரே பக்கம் கூர், ஒல்லியான தலை. பிளேடு மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், அதனால் முரட்டு முடியிலும் அதிராது. வெந்நீர்த் துணியை ஐந்து நிமிஷம் போட்டு, நுரை தடவி இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சவரம் செய்யும்போது நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து உந்திக் கொடுப்பார். வலது பக்கம் வந்ததும் நாக்கு தானாக உந்தியது. இடது பக்கம் உந்தவில்லை, நான் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் வலது கையால் தாடையைத் தடவிப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். மற்றபடி அவர் எதையும் கேட்பதில்லை. அந்த ஒன்றில் மட்டும் பழைய அப்பா இருந்தார்.

பிரச்சினை பிளேடு. பிரிக்காத பெட்டியில் பத்து. பிரித்த பெட்டியில் எத்தனை என்பது தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று ஐந்து தடவை வரும், வாரம் இரண்டு சவரம், ஆக பத்து பிளேடு ஆறு மாசம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, எதற்கு இப்படி ஒரு கணக்கு என்று பேனாவை வைத்துவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "தாத்தாவுக்குத்தானேப்பா" என்று தேடினான். அங்கே மருந்துக் கடையில் ஏழு ஏழாக இன்னும் விற்கிறார்களாம். இரண்டு பெட்டி அனுப்பினான். அப்பா 2010-ல் போனபோது அதில் ஒன்று பாதி, ஒன்று பிரிக்கவேயில்லை. காரியத்தன்று ஏரிக்கரையில் என் மீசையை எடுத்தவர், பாதி டோபாஸ் செருகிய பிடியால்தான் எடுத்தார்.

எனக்கு இப்போது 71. பராந்தக சோழன் காலத்தில் 921-ல் நம்மூர் கோயில் சுவரில் வெட்டிவைத்த விதிப்படி வாரியத்துக்கு நிற்க 70 வயதுக்குள் இருக்க வேண்டும். அந்தத் தகுதி போய்விட்டது. கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை, கண்ணாடியைப் பார்த்து நானே வழித்துக்கொள்கிறேன்.

நாலு மாசம் முன்பு எங்கள் தெருவில் ஒருவர் இதே மாதிரி படுத்துவிட்டார். மகன் வந்து, "சார், பெரியவருக்கு எதால நீங்க வழிச்சீங்க?" என்று கேட்டான். ரேசரை டெட்டாலில் கழுவி, பிரிக்காத பெட்டியோடு கொடுத்தேன். சாவியை எந்தப் பக்கம் செருக வேண்டும், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று ஒரு தடவை செய்து காட்டினேன். இடது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிளேடு தீர்வதற்கு ஒரு மாசம் முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடு, மகனிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.