பள்ளிகொண்ட சிலந்தி

பெங்களூர் ஹைவேயில் வேலூரைத் தாண்டி அரைமணி ஓட்டினால் பள்ளிகொண்டா. கார்க்காரர்களுக்கு அது டோல்கேட். பக்தர்களுக்குப் பாலாற்றங்கரையில் சயனித்திருக்கும் உத்தர ரங்கநாதர். எனக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கெழுதும் ஒரு நண்பன்... அவன் அலமாரியில் மூன்று டரான்டுலா சிலந்திகள்!

ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒன்று மல்லாந்து கிடந்தது. நான் துக்கம் விசாரிக்கப் போக, "சும்மா இருடா. சட்டை உரிக்குது. நம்ம ஊர் பெருமாளாட்டம் பள்ளிகொண்டிருக்கு" என்றான். செத்துவிட்டதென்று நினைத்துத் தூக்கி எறிந்த புதுசுகள் உண்டாம். தோல் உரிப்பதைப் பற்றி ஆம்பூர்க்காரனிடம் வாதாட முடியுமா?

நாலாவது பெட்டி காலி. எதை வாங்குவது? பி.காம். ஆயிற்றே, பற்று வரவு எழுதினேன்.

மெக்ஸிகோ சிவப்பு முழங்கால்: சாது. கோபம் வந்தால் பின்னங்காலால் முதுகு முடியை உதறும், நமக்கு அரிக்கும். பெண் என்றால் இருபது வருஷம் தாண்டும். வீட்டுக்கடன் மாதிரி!

குத்தி நீலம்: மரமேறி. மின்னல் வேகம். கடித்தால் கொஞ்ச நாள் அவஸ்தை. ஆனால் அந்த நீலம்... மயில் தோற்கும்.

ஊர் நமக்குப் பக்கம்தான். சென்னை - மும்பை ரயில் பாதையில் ஆந்திராவின் குத்தி. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்ததற்கு 1899-ல் போகாக் என்ற ஆங்கிலேயர் பெயர் வைத்தார். கட்டைகளோடு ரயிலேறி வந்திருக்கும் என்கிறார்கள். அடுத்த 102 வருஷம் தகவலே இல்லை. 2001-ல் நந்தியால் - கித்தலூர் காட்டில் மறுபடி கண்டார்கள். வீடு மரப்பொந்து, மரங்களோ குறைகின்றன. 2008-ல் அழிவின் விளிம்பில் உள்ளவை பட்டியலில் சேர்த்தார்கள்.

"ஃபாரின்ல குஞ்சு பொரிச்சு விக்கறான்டா. நம்ம பூச்சிக்கு நாம இம்போர்ட் பண்ணணும்!" என்று பெருமூச்சு விட்டான்.

இம்போர்ட் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பார்சலைப் பிரித்த சுங்க அதிகாரிகளுக்குக் கிடைத்தவை 107 உயிருள்ள சிலந்திகள். குட்டிக் குப்பிகள், பஞ்சு, வெள்ளித்தாள்! வந்த வழியே திருப்பி அனுப்ப உத்தரவானது. 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி, சர்வதேசப் பட்டியலில் உள்ள ஜீவனை வளர்க்கிறவர் பதிவு செய்தாக வேண்டும். குத்தி நீலத்தின் குடும்பமே 2019-ல் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

"காட்டுல பிடிச்சதே கிடைக்கும்னு ஒருத்தன் சொன்னான்" என்றான் தயங்கி.

"ஒரு பொந்துல ஒரு தாய் போனா, வம்சமே போச்சுடா. இதை எந்தக் கணக்குல எழுதுவே?"

அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பில்லும் பேப்பரும் இல்லாத நீலம் வேணாம். பெட்டி காலியாவே இருக்கட்டும்" என்றான்.

சமையலறையிலிருந்து அவன் மனைவியின் குரல்: "அப்ப நான் வெங்காயம் போட்டுக்கறேன்!"