மாமாவின் 1035: ஓட்டவா, எடைக்குப் போடவா?

வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றில், களத்தை ஒட்டிய கீற்றுக் கொட்டகைக்குள் மாமா விட்டுப்போன மாசி பெர்குசன் 1035 நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1978 என்று இருக்கிறது. நம்பரும் அந்தக் காலத்து மூன்றெழுத்து வரிசைதான். பழைய இரும்பு எடுப்பவர் முந்திக்கொண்டு வந்து, ஒரு சுற்றுப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றரை டன்னுக்கு மேல் எடை என்பதால் அவர் சொன்ன தொகை அப்படியொன்றும் அற்பமில்லை. “சரி பண்ணலாமா, தள்ளிவிட்டுடலாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு மாப்ள” என்று மச்சான் கூப்பிட்டிருந்தான். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியாது. அதனால் கும்பகோணத்தில் இதே மாடல் வண்டிகளைப் பிரித்து மாட்டியே தலை நரைத்த மெக்கானிக் அண்ணன் ஒருவரையும் கூட்டிப் போனேன்.

பானெட்டின் சிவப்பு வெளுத்து ரோஸாகிவிட்டது. இடது மட்கார்டின் விளிம்பில் பெயிண்ட்டே இல்லை. நாற்றங்காலுக்கும் களத்துக்கும் தொற்றிக்கொண்டு போனவர்களின் கை பட்டுப்பட்டு, அந்த ஒரு சாண் இடம் மட்டும் துருவும் ஏறாமல் மழமழவென்று இருக்கிறது.

முதலில் இஞ்சினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. சீட்டுக்கு முன்னால் குனிந்து, கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் பூட்டை விரலால் அழுத்தினார். அது வெடித்து, பாதி கையோடு வந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். நேர் மேலே கீற்று விலகி வானம் தெரிந்தது.

“இஞ்சின் கெட்டா நாளைக்கே செஞ்சிடலாம் தம்பி. இதுக்குள்ள தண்ணி போயிருந்தாதான் செலவு.”

பெர்குசன் வம்சத்து வண்டிகளில் கியர்பாக்ஸ், கிரவுன் பினியன், ஹைட்ராலிக் பம்பு எல்லாமே ஒரே எண்ணெயில்தான் கிடக்கும். சுமார் முப்பது லிட்டர். லீவர் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் எண்ணெயை விடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். பம்பு இருப்பதும் அந்த ஆழத்தில்தான். அண்ணன் அடியில் படுத்து டிரெயின் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் நெகிழ்த்தினார். முதலில் சுத்தமான தண்ணீர் வந்தது, ஒரு சொம்பு அளவுக்கு. பிறகு ஆறிப்போன டீ மாதிரி கலங்கலாக எண்ணெய். அதை விரலில் தொட்டு, வெளியே வெயிலுக்கு எடுத்துப்போய், கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். இரும்புத்தூள் மின்னவில்லை. “பல்லு தின்னல. பம்பை எறக்கிப் பாக்கணும், ஆனா பயப்பட வேணாம்.”

அந்த ஹைட்ராலிக்குக்காகத்தான் இந்த வண்டிக்கே மதிப்பு. கலப்பையைப் பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளியில் மாட்டி டிராக்டரோடு ஒரே உடம்பாக்கிவிடும் ஏற்பாட்டுக்கு ஹாரி பெர்குசன் 1926-லேயே காப்புரிமை வாங்கினார். மண் இறுகி, கலப்பை திணறினால் டாப் லிங்க் உள்ளே அழுத்தும். அந்த அழுத்தம் வால்வைத் திறந்து கலப்பையை இம்மியளவு தூக்கும், அதன் பாரம் பின் டயருக்கு மாறும், சக்கரம் வழுக்காது. 1946 முதல் பத்து வருஷத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட டி.இ.20 அந்த ஏற்பாட்டோடுதான் வந்தது. அடுத்து வந்தது 35. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் 1035 இந்த வழியில் வந்த வண்டி. காவிரிப் பாசனத்துச் சேற்றுழவுக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை என்பது என் எண்ணம். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தைப் பூட்டிச் சேற்றை மிதிக்கவிட்டால் போதும். ஆனால் லிஃப்ட் வேலை செய்யாத டிராக்டரை இங்கேயும் யாரும் வாடகைக்குக் கூப்பிடமாட்டார்கள். பின் தண்டைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. லீவரைப் போட்டால்தான் பம்பே சுற்றும் என்பது தெரியாமல், லிஃப்ட் போய்விட்டது என்று வண்டியை விற்றவர்களும் உண்டு என்று அண்ணன் சிரித்தார்.

இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் வார்ப்புகளே ஒன்றோடொன்று போல்ட் போட்டு முதுகெலும்பாக நிற்கின்றன. டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தோம். விரிசலும் இல்லை, வெல்டிங் வைத்த தழும்பும் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இஞ்சின் விஷயத்தில் மாமாதான் காப்பாற்றியிருக்கிறார். சைலன்சர் வாயில் ஒரு பால் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். அது துருத்தட்டிப் போனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. எதிர்வீட்டுப் பையன், “எங்க வண்டில கட்டி ரெண்டு இழுப்பு இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும்ணே” என்று ஆர்வமாகச் சங்கிலியோடு வந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ரிங் பிடித்திருந்தாலோ, சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றாலோ, இழுத்த இழுப்பில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பத்தாயிரத்தில் முடிகிற வேலை லட்சத்துக்குப் போகும். மூன்று நாசிலையும் கழற்றி, டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். சாப்பிட்டு வந்து கிராங்க் புல்லியில் ஸ்பேனரைக் கொடுத்து நெம்பியதும், முதலில் முரண்டு பிடித்து, பிறகு முழுச் சுற்றுச் சுற்றியது.

பெர்கின்ஸ் உரிமத்தில் சிம்சன் கம்பெனி செய்த மூன்று சிலிண்டர் இஞ்சின் இது. ரிங், லைனர், கேஸ்கெட் எல்லாம் கும்பகோணத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் பழைய டிராக்டர் வாங்கும்போது, குளிரில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நமக்கு அந்தக் கவலை இல்லை, போர்த்தண்ணீர்தான் எதிரி. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே உப்பு வெள்ளையாகப் படிந்து, குழாய்களில் பாதி அடைந்திருக்கிறது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பின்னால் கேஜ் வீலால் பட்ட பாடு தெரிகிறது. இடது ஆக்ஸில் சீல் ஒழுகி, பிரேக் டிரம் முழுக்க எண்ணெய்ச் சேறு. ஸ்டியரிங்கில் கால் சுற்று ஆட்டம். நாலு டயரும் பக்கவாட்டில் பிளந்துவிட்டன.

காகித வேலையும் இருக்கிறது. இறந்தவர் பேரிலிருந்து வாரிசு பேருக்கு மாற்றப் படிவம் 31, கூடவே வாரிசுச் சான்றிதழ், மச்சானின் அக்காக்கள் இருவரின் சம்மதக் கையெழுத்து. பழைய கடன் என்றைக்கோ தீர்ந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பேர் அப்படியே நிற்கிறது. அதை நீக்கப் படிவம் 35. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. ஐம்பது வயதானால் விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே என்று மச்சான் கேட்டான். 2021-ல் வந்த அந்த விதி பைக்குக்கும் காருக்கும்தான், டிராக்டருக்கு இல்லை.

கணக்கில் உடன்பட்டோம், ஆசையில் உடன்படவில்லை. மச்சானுக்குப் பானெட்டிலிருந்து வீல் டிரம் வரை புது பெயிண்ட் அடித்து, பொங்கலுக்கு வாசலில் நிறுத்த வேண்டும். டிங்கரிங், பெயிண்ட், புது டயர், புது விளக்கு என்று இறங்கினால் ஓடுகிற நிலையில் இருக்கும் இன்னொரு 1035-ஐயே வாங்கிவிடலாம். ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கினால், மட்கார்டின் அந்த ஒரு சாண் இடமும் பட்டிக்குள் போய்விடும். நான் அதற்கு ஒப்பவில்லை. அத்தையும் என் பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. “வெள்ளாமைக்கு எறங்காத வண்டிக்கு எதுக்குடா பவுசு?”

முடிவு இதுதான்: இரும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பெயிண்ட்டைத் தொடுவதில்லை. முதலில் கொட்டகைக்குக் கீற்று, லீவருக்குப் புது பூட். அடுத்து எண்ணெயை வடித்து ஹைட்ராலிக் பம்பை இறக்கிப் பார்ப்பது. அது கையைக் கடிக்காவிட்டால் டீசல் பம்பும் நாசிலும் சர்வீஸுக்குப் போகும், ரேடியேட்டர் மாறும், சீலும் பிரேக்கும் செய்யப்படும். இஞ்சின் ஓடி, புகையைப் பார்த்த பிறகே ஹெட்டைக் கழற்றுவதா என்ற பேச்சு. டயர் கடைசியில். ஹைட்ராலிக் பம்போடு அதன் கண்ட்ரோல் வால்வும் அரித்துப் போயிருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும் என்று அண்ணன் எச்சரித்திருக்கிறார். சம்பா நடவு முடிந்தால்தான் அவர் பட்டறையில் இடம் காலியாகுமாம். அதற்குள் பெரிய அக்காவிடம் கையெழுத்து வாங்குவது மச்சான் பொறுப்பு. அது பம்பை இறக்குவதை விடக் கஷ்டம் என்கிறான்.