காலி இலக்கிய விழாவும் நமது கேள்வியும்

இலக்கிய விழா ஒன்றினை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? மேடையேறிய எழுத்தாளரின் புகழைக் கொண்டு மதிப்பிடுவதே வழக்கமாக இருந்து வருகிறது. பத்திரிகைகள் அவ்வாறே செய்கின்றன. விழா அமைப்பாளரும் அதனையே விரும்புகின்றனர். ஆயின், இலக்கியம் சமுதாயத்தின் பொதுச்சொத்து என்று கருதுவோர் வேறோர் அளவுகோலைக் கைக்கொள்ளுதல் வேண்டும். மண்டபத்துள் அமர்ந்திருப்போர் யார், எழுந்து நின்று கேள்வி கேட்கக் கூடியவர் யார், எந்த மொழியில் அவர் கேட்கலாம் என்பனவே அவ்வளவுகோல். நமது நாட்டில் உலகப் பெயர் பெற்றதாகிய காலி இலக்கிய விழாவினை அதனால் அளந்து பார்ப்பது பயனுடைய முயற்சியாகும்.

ஆங்கிலேய ஹோட்டல் அதிபரான ஜெஃப்ரி டொப்ஸ் என்பவர் 2007ஆம் ஆண்டில் இவ்விழாவைத் தொடங்கினார். 2012க்குப் பின் சில ஆண்டுகள் நின்றிருந்து, 2016இல் மீண்டும் உயிர் பெற்று, 2019க்குப் பின் மறுபடியும் தடைப்பட்டு, 2024 ஜனவரியில் திரும்பவும் காலிக் கோட்டைக்குள் நடந்தது. எழுத்தாளருடன் உரையாடல்கள், எழுத்துப் பயிற்சிப் பட்டறைகள், சிறுவர் நிகழ்ச்சிகள், நாடகம், இசை, கோட்டை வீதிகளில் வரலாற்று நடை, இவற்றோடு எழுத்தாளருடன் உண்ணும் பகல் விருந்தும் இரா விருந்தும் என அதன் நிகழ்ச்சிகள் பலவகைப்படும். சில நிகழ்ச்சிகள் இலவசமானவை. பலவற்றிற்கு அநுமதிச் சீட்டு வாங்க வேண்டும். விழாவின் பிரதான மொழி ஆங்கிலம்.

குறை கூறுமுன் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்வதே நேர்மை. 2024ஆம் ஆண்டு விழாவிற்குச் சென்றிருந்த என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, உரையாடலின் இறுதிப் பகுதி கேட்போருக்கு உரியதாய் இருந்தமை. நமது தமிழ்க் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தல் என்று பொழுது கழிகிறது; கேள்விக்கு நேரமிருப்பதில்லை. கேட்க வந்தவன் கைதட்ட வந்தவனாகி வீடு திரும்புகிறான். மற்றொன்று பயிற்சிப் பட்டறை. எழுத்து அருளாலே வருவது என்ற மயக்கத்தை அது போக்குகிறது. தச்சுவேலை போல எழுத்தும் பழகிப் பெறத்தக்க தொழில் என்பதை அங்கு காணலாம்.

திரும்பி வந்தபின், நான் கற்பிக்கும் மலையகப் பாடசாலையில் பத்தாந் தர மாணவருடன் சனிக்கிழமைகளில் அத்தகைய பட்டறை ஒன்றை நடத்தத் தொடங்கினேன். வகுப்பறையில் நாம் எழுதுவிப்பன ‘நூல்நிலையத்தின் பயன்’, ‘நான் ஒரு நதி’ போன்ற கட்டுரைகள். பட்டறைக்கு நான் வைத்த விதி ஒன்றே: வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றினைப் பத்து வரியில் எழுதி உரக்க வாசிக்க வேண்டும், கேட்டவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ஒரு மாணவி தாயின் அரைப்பேரைப் பற்றி எழுதினாள். கொழுந்து இரண்டு கிலோ குறைந்தபடியால் அன்றைய பேர் அரைப்பேராயிற்று என்பதையும், அந்த மாலையில் தேநீருக்குச் சீனி இல்லாமற் போனதையும் அவள் எழுதியிருந்தாள். “தராசில எவ்வளவு கழிச்சாங்க?” என்று பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டான். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் நிறையைப் பற்றி அரைமணி நேரம் வாதம் நடந்தது. அடுத்த வாரம் அவள் திருத்தி எழுதி வந்த பிரதியில் தராசும் அந்தக் கழிவும் இடம்பெற்றிருந்தன. முதற் பிரதியில் இருந்தது துயரம். இரண்டாவதில் துயரத்தின் காரணமும் சேர்ந்துகொண்டது. கேள்வி எழுத்தை வளர்க்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அந்த மாணவி காலி விழாவுக்குச் சென்றால் என்னாகும்? அங்கேதான் நமது அளவுகோல் உறுத்துகிறது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. காலியில் அது யாரை யாருடன் இணைக்கிறது? கொழும்பின் ஆங்கிலங் கற்ற வர்க்கத்தினரை இலண்டனிலிருந்து வந்தவருடன் இணைக்கிறது. உடுகம, எல்பிட்டிய முதலிய பகுதிகளின் தோட்டங்களிலும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். கோட்டைக்குள்ளேயே தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் உள்ளன. மதிலுக்கு வெளியே சிங்களத்தில் வாசிக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர் இருக்கின்றனர். சிங்கள, தமிழ் நிகழ்ச்சிகள் இடைக்கிடை இடம்பெற்றதுண்டு. ஆயினும், விருந்தினரை வாசலில் நிறுத்தி ஒரு கிண்ணம் பாயசம் கொடுப்பது விருந்தாகாது.

காலிக்குப் பன்மொழி புதிதன்று. 1911இல் அந்நகரிற் கண்டெடுக்கப்பட்டு, பின் கொழும்பு அரும்பொருட்காட்சிச்சாலையில் வைக்கப்பட்ட கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்றளபதி செங் ஹோ நிறுவிய அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள. சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவர நாயனாரையும், பாரசீகம் இஸ்லாத்தையும் போற்றுகின்றன. அந்நியப் பேரரசின் அதிகாரியே, இத்துறைமுகத்திற் பேச ஒரு மொழி போதாது என்பதை உணர்ந்திருந்தான். அக்கல்லிற் சிங்களம் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் விடுபடுகின்றனர். விடுபட்டவர் யார் என்று கேட்பதே முற்போக்காளரின் கடமை.

அவ்வாறாயின், இத்தகைய விழாக்களைப் பகிஷ்கரித்து விடலாமே என்று சிலர் கூறுவர். 2011 ஜனவரியில் இக்கேள்வி இருமுறை எழுந்தது. மாதத் தொடக்கத்தில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்த சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாட்டைப் பகிஷ்கரிக்குமாறு தமிழ்நாட்டு எழுத்தாளர் பலர் கோரினர். மாத இறுதியில் நடந்த காலி விழாவுக்கு எதிராக, எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு முதலியோர் விடுத்த வேண்டுகோளில் நோம் சொம்ஸ்கி, அருந்ததி ராய், கென் லோச், தாரிக் அலி ஆகியோர் கையொப்பமிட்டனர். போர் முடிந்து இரண்டாண்டு நிறையாத காலம் அது. 2009 ஜனவரியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் பிரகீத் எக்னலிகொட காணாமலாக்கப்பட்டார். அவர்களது கோபம் நியாயமானதே. ஆனால், பகிஷ்கரிக்க யாவரினும் கூடிய உரிமை பெற்றிருந்த சந்தியா எக்னலிகொட என்ன செய்தார்? தம் கணவருக்கு நேர்ந்ததைக் கூறும் துண்டுப்பிரசுரங்களுடன் காலி விழாவுக்கே சென்று, வந்தோர் கையிற் கொடுத்தார். கூட்டம் கூடியபடியாலன்றோ கொடுப்பதற்குக் கைகள் கிடைத்தன? மேடை யாருடையதாயினும், அதன் முன்னே நின்று கேள்வி கேட்கலாம் என்பதை அந்தப் பெண்மணி எழுத்தாளருக்கெல்லாம் கற்பித்தார்.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. பிரதான மண்டபங்களில் மும்மொழி உரைபெயர்ப்பு வேண்டும். மாணவருக்கும் ஆசிரியருக்கும் எல்லா உரையாடல்களும் இலவசமாதல் வேண்டும். பட்டறைகள் கோட்டையை விட்டிறங்கித் தோட்டப் பாடசாலைக்கும் கிராமப் பாடசாலைக்கும் வரவேண்டும். சிங்கள எழுத்தாளர், தமிழ் எழுத்தாளர் இருவரும் தத்தம் மொழியில் ஒரே மேடையிற் பேசவேண்டும். பிறரிடம் இவற்றைக் கேட்கும் நாம், நமது அடுத்த கூட்டத்திலேயே வாழ்த்துரைகளுள் நான்கைக் குறைத்து, அந்நேரத்தைக் கேட்போருக்குக் கொடுத்தல் வேண்டும். இதற்கு அரசாங்க உத்தரவோ அந்நிய நிதியோ தேவையில்லை. தலைவர் ஒருவர் தமது உரையைப் பத்து நிமிடத்தில் முடிக்க இசைந்தாற் போதும்.