எண்ணிக்கொண்டிருந்தவர்கள்

கிடார் கற்றுக்கொள்ள இன்றைக்கு ஆசிரியர் தேவையில்லை. யூட்யூபில் எந்தப் பாட்டின் பெயரைப் போட்டாலும் யாரோ ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கார்டுகளைச் சொல்லித் தருகிறார். நானும் 3 வருடமாக அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்த இரண்டு பெரியவர்கள் சாலிகிராமத்தில் சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்தபோது, பாடத்துக்காக நான் பணம் கட்டவில்லை. அவர்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டு மனப்பாடம், வாசித்தவர் யாரென்று தெரியாது என்கிற நிலையில்தானே நம்முடைய சினிமா இசை அறிவு இருக்கிறது? கேசட் அட்டையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். கிடார் யார் என்பது பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு காரணம் மாமா. அம்மாவின் தம்பி. திண்டுக்கல் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் 10, 12 வருடம் ரிதம் கிடார் வாசித்தவர். திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சி விழா என்று ஊர் ஊராகப் போனார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிய தீர்ப்பு ஒரே வரிதான்: "சும்மா ஜங்கு ஜங்குன்னு தட்டிக்கிட்டுத் திரிஞ்சான்." பிறகு அவர் மருந்துக்கடையில் கணக்கு எழுதப் போனார். 3 வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை விழுந்துபோனது. அப்போதுதான் அவருடைய கிடார் என்னிடம் வந்தது. எனக்கு ஆசை இருந்ததால் அல்ல, பரணில் இடம் இல்லாததால்.

வகுப்பில் நாங்கள் 14 பேர். ஐடி பையன்கள், ஒரு பல் டாக்டர், ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண். மாஸ்டருக்கு வயது 70 தாண்டிவிட்டது. கூட வந்த பேஸ் கிடார்காரர் கொஞ்சம் இளையவர்; மாஸ்டரை 'அண்ணே' என்று கூப்பிட்டார். நாங்கள் அவரை 'பேஸ் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

முதல் ஒரு மணி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போனது. "போனையெல்லாம் உள்ள வைங்க." ஆப் கூடாது. தடித்த கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் சுருதி கிடைக்கும். மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது மட்டும் 4ஆவது ஃப்ரெட். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசி அலையலையாக அடிப்பதையும், சேரச்சேர அந்த அலை மெதுவாகி நிற்பதையும் கண்ணை மூடிக் கேட்க வைத்தார். பல் டாக்டர் மட்டும் 20 நிமிடம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் ஒவ்வொருவர் கிடாராக வாங்கிப் பார்த்தார். என்னுடையதைக் கையில் எடுத்ததும் வாசிக்கவில்லை. கம்பிகளை ஒதுக்கிவிட்டு ஃப்ரெட்டுகளை விரலால் தடவினார்.

"இது யாரு வாசிச்சதும்மா?"

"மாமா சார். ஆர்கெஸ்ட்ராவுல."

"ரிதம்தானே?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். லீட் வாசிக்கிறவர் கிடார் என்றால் 12ஆவது ஃப்ரெட் பக்கமும் தேய்ந்திருக்கும். இதில் மேலே எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, முதல் 5 ஃப்ரெட்டுக்குள்தான் பள்ளம் என்று காட்டினார். "எஃகுக் கம்பி இவ்வளவு தேய்க்கணும்னா ரொம்ப உழைச்சிருக்கணும். நல்ல ஆளு." பேஸ் சாரும் வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மத்தியானம் அந்த 'ஜங்கு' வந்தது. கார்டைத் தட்டிய உடனே இடது கை விரல்களைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். சத்தம் நறுக்கினாற்போல் நின்றுவிடும். "தட்டுறது எல்லாரும் தட்டுவான். எங்க விடணும்னு தெரியணும்." கொஞ்சம் முன்னே விட்டால் தபேலாவோடு முட்டுகிறது, கொஞ்சம் பின்னே விட்டால் பாடுபவரின் சொல் அமுங்குகிறது. ஒரே ஒரு ஜி கார்டை வைத்துக்கொண்டு இதை ஒன்றரை மணி நேரம் செய்தோம். 14 பேரும் 'சும்மா' தட்டிக்கொண்டிருந்தோம். முன்கை கல்லாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பேஸ் சாருடையது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வைப் போட்டார். அந்தப் பாட்டின் தொடக்கக் கிடாரைத் தொடாத கிடார்காரன் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. "அத விடுங்க. கீழ பேஸ் என்ன பேசுதுன்னு மட்டும் கேளுங்க." நான்கு தடவை போட்டார். நான்காவது தடவைதான் பாடகருக்குப் பக்கத்தில் இன்னொருவர் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே போவது எனக்குக் கேட்டது. இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பிறகு மாஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் 16 பாருக்கு ஒன்றுமே இல்லை. 17ஆவது பாரில் ஒரு கார்டு. மறுபடி 8 பார் சும்மா, இன்னொரு கார்டு. அவ்வளவுதான். சிலர் சிரித்தார்கள்.

அவர்கள் வாசிக்க வந்த காலத்தில் ரெக்கார்டிங் என்றால் வயலின், குழல், தாளவாத்தியம் எல்லாம் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். கடைசி வரியில் ஒருவர் பிசகினால் முதலிலிருந்து எல்லாரும் வாசிக்க வேண்டும். இளையராஜா நொட்டேஷனாக எழுதிக் கொடுத்துவிடுவார். அதில் உங்களுக்கு எட்டே ஸ்வரம் இருக்கலாம். மிச்ச நேரம் எண்ண வேண்டும். 'ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலு' என்று ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் பார் எண்ணைச் சொல்லிக்கொண்டே போவது அவர்கள் வழி.

அவர் முதல் பாருக்கு மட்டும் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். கூடத்தில் ஃபேன் சத்தம்தான். 11ஆவது பாரில் ஒருவர் அவசரப்பட்டார், 15இல் இரண்டு பேர். நான் தாளைப் பார்க்கவில்லை, மாஸ்டரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு அசையவில்லை, வலது கால் கட்டைவிரல் மட்டும் ஏறி இறங்கியது. மாமாவுக்கும் அப்படி ஆடும். சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. "நரம்புத் தளர்ச்சி" என்பாள் பாட்டி. அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. 17இல் மூன்று கிடார் மட்டும் சேர்ந்து ஒலித்தது. ஒன்று என்னுடையது.

அந்தக் காலம் மாதிரி வருமா என்று இவர்கள் புலம்புவார்கள் என நினைத்துத்தான் போயிருந்தேன். அப்படி இல்லை. தப்பான இடத்தை மட்டும் திரும்ப வாசித்துச் சேர்க்கலாம் என்ற வசதி வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டது நாங்கள்தான் என்றார் மாஸ்டர். "டென்ஷன் போச்சு. அப்புறம் வேலையும் போச்சு." பேஸ் சார் அதற்குச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராத்திரி மாமாவுக்கு போன் போட்டேன். இப்போது அவர் பேச்சு மெதுவாகத்தான் வரும். மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். வெகுநேரம் சத்தமே இல்லை; லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எந்த ஃப்ரெட்டு தேஞ்சிருக்குன்னாரு?"

"ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும். மூணு ஜாஸ்தி."

"மூணு... ஜி. அஞ்சும் இருக்கணுமே. எங்க குரூப்ல பாடுற பொண்ணு எதையும் ஏ-ல தான் பாடும்."

எழுந்து போய் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். இருந்தது. சொன்னேன்.

"கம்பி என்ன போட்டிருக்க?"

"பத்து மாமா."

"பன்னண்டு போடு. சத்தம் பத்தாது."

"கை வலிக்கும்."

"ஆமா, வலிக்கும்" என்றார்.