திரி பத்திய சத்தம்

சிவகாசிக்காரனுக்கு ஒரு சத்தம் மட்டும் தூக்கத்திலும் அடையாளம் தெரியும். திரி பற்றி ஓடும் 'உஸ்ஸ்ஸ்'. பட்டாசு ஆபீசில் ஃபோர்மேனாக இருந்த அப்பா (எங்க ஊரில் ஃபேக்டரிக்குப் பேர் ஆபீஸ்தான், நான் பெங்களூரில் 'ஆபீஸ் போறேன்' என்றால் அம்மாவுக்கு இன்னும் லேசாகப் பதறும்) எனக்குச் சொன்ன ஒரே பாடம்: "அந்தச் சத்தம் கேட்டா என்னன்னு பாக்காத, ஓடு."

போன ஆவணியில் ஊருக்கு வந்திருந்தேன். காலையில் அம்மா பின்வாசல் தோட்டத்தில் தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் செம்பருத்தி இலையில் இருந்த ஒரு தயிர்க்கடைப் பூச்சிக்கு மேக்ரோ லென்ஸை வைத்துக் காத்திருந்தேன். அப்போது கேட்டது. அம்மாவுக்குக் காது மந்தம், கேட்கவில்லை.

சுவரோரம், உடைந்த செங்கல்மேல் சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது. தலையில் அம்புக்குறி. உடம்பை வளைவு வளைவாக மடித்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. பக்கவாட்டுச் செதில்களின் விளிம்பு ரம்பப்பல் மாதிரி இருக்கும், அதை உரசித்தான். ஈரமில்லாத பூமி இதற்குப் பிடிக்கும். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்யநாடாரும் சண்முக நாடாரும் 1923ல் இங்கே தொடங்கிய தொழிலுக்கும் அதே வறட்சிதான் தோதாக இருந்தது.

கடித்தால் ரத்தம் உறையாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியனோடு இதையும் சேர்த்து நாலு பாம்பின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்து. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

தெரிந்தும் நான் முதலில் செய்தது, லென்ஸைத் திருப்பி ஷட்டரை அழுத்தியது. அப்புறம்தான் "அம்மா, கைய எடு!" என்று கத்தினேன்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம். சிவப்பு வண்டி தெருவில் திரும்பியதுமே எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிட்டது. "எந்த ஆபீஸ்ல?" என்று எதிர்வீட்டு அக்கா முகம் வெளிறிக் கேட்டார். அவர் மகள் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். பாம்புதான் என்றதும் திண்ணையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வந்தவர் கொக்கியால் அதைத் தூக்கி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டு மூடினார். உள்ளேயும் உரசல் நிற்கவில்லை.

ராத்திரி படங்களை லேப்டாப்பில் இறக்கினேன். பதினொரு படம். முதலுக்கும் கடைசிக்கும் இடையே நாலு விநாடி. நாலு விநாடி நான் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது படத்தில் ஃபோகஸ் அருமையாக விழுந்திருந்தது, ஒவ்வொரு செதிலும் எண்ணலாம்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "நல்லாத்தான்டா இருக்கு. இந்த ஓரத்துல கலங்கலா பச்சையா இருக்கே, அது என்ன தம்பி?"

"உன் வளையல்மா."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த ஓரத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.