யாரைப் போல் வருவான்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். உழவருக்கு அது பொருந்தும். தம் நிலத்தில் இட்ட விதை இன்னதென்று அவர் அறிவார். விளையாட்டு மைதானத்தில் நிற்கும் பதினாறு வயதுச் சிறுவனைப் பார்த்து, அவன் நாளை என்ன ஆவான் என்று உரைப்பது அத்துணை எளிதன்று. ஆயினும் நாம் சும்மா இருப்பதில்லை. "இவன் இன்னாரைப் போல் வருவான்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

அமெரிக்கர் இதனை ஒரு தொழிலாகவே வளர்த்திருக்கின்றனர். அங்கே என்.பி.ஏ. என்னும் கூடைப்பந்தாட்ட அமைப்பிலுள்ள 30 அணிகளும் ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. அவ்விளைஞர் ஒவ்வொருவரையும் முன்னரே புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரரோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது அந்நாட்டு வல்லுநர் வழக்கம். 1984ஆம் ஆண்டுத் தெரிவில் மைக்கேல் ஜோர்டானுக்குக் கிடைத்தது மூன்றாம் இடமே. பின்னர் அவர் பெரும் புகழ் பெற்றதும், அடுத்த ஜோர்டான் யார் என்ற தேடல் தொடங்கிற்று. 1992இல் தெரிவான ஹெரால்ட் மைனர் என்ற இளைஞருக்குக் கல்லூரி நாளிலேயே 'குட்டி ஜோர்டான்' என்று பெயர் சூட்டிவிட்டனர். அவரும் திறமையற்றவரல்லர், ஆயினும் அவருடைய என்.பி.ஏ. ஆட்டம் நான்கே பருவங்களில் முடிந்துபோயிற்று.

கூடைப்பந்தாட்டம் நம் தேயிலைத் தோட்டங்களுக்கு அவ்வளவு நெருங்கியதன்று. நமக்கு நெருங்கியது கிரிக்கெட். ஆனால் ஒப்பிடும் வழக்கம் இங்கும் அதுவே. ஜோர்டானின் இடத்தில் முத்தையா முரளிதரன் நிற்கிறார். அட்டனிலோ நுவரெலியாவிலோ, மலைச் சரிவுகளுக்கு நடுவே அகப்பட்ட ஒரு துண்டுச் சமநிலத்தில், ஒரு சிறுவன் பந்தைச் சற்றே திருப்பிவிட்டால் போதும். ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் அவனைச் 'சின்ன முரளி' ஆக்கிவிடுவார்கள்.

இப்பெருமிதத்திற்குக் காரணம் உண்டு. முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்காக வந்தவர். பேரனோ 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி, வேறெவரும் எட்டாத உயரத்தில் நின்று, 2010இல் காலி மைதானத்தில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அப்பெயரைச் சொல்லும்போது லயத்து வாசலில் நெஞ்சு நிமிர்வது இயல்பே.

ஆனால் எதனை எதனோடு ஒப்பிடுகிறோம்? அரும்பு மீசைச் சிறுவனை அந்த 800 விக்கெட்டுகளோடு நிறுத்துகிறோம். அவன் வயதில் முரளிதரன் எங்கே நின்றார் என்று பார்ப்பதில்லை. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மிதவேகப் பந்து வீச்சாளராகவே தொடங்கினார். பதினான்கு வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 1991இல் இலங்கை 'ஏ' அணியுடன் இங்கிலாந்து சென்று ஐந்து ஆட்டங்களில் ஆடி, ஒரு விக்கெட்டும் பெறாமல் திரும்பினார். மறு ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார்.

இன்னுமொன்று. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முற்றும் நிமிராதது. மணிக்கட்டின் வளைவோ அபூர்வமானது. இவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்ள இயலாது. அவருக்கு வாய்த்த மைதானமும், பயிற்றுநரும், பாடசாலைப் போட்டிகளும் அப்படியல்ல. அவற்றை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். நாமோ கொடுக்கக் கூடியதை விட்டுவிட்டு, கொடுக்க இயலாததைத் தேடுகிறோம்.

2008இல் அஜந்த மெண்டிஸ் இந்தியாவுக்கு எதிரான தம் முதல் டெஸ்ட் தொடரில், மூன்றே போட்டிகளில் 26 விக்கெட்டுகளை வீழ்த்தியபோதும் முரளியின் வாரிசு வந்துவிட்டார் என்றே பேச்செழுந்தது. 19 டெஸ்டுகளில் 70 விக்கெட்டுகளோடு அவருடைய டெஸ்ட் ஆட்டம் நின்றது. விரலால் சுண்டிவிடும் அவருடைய பந்து முரளியின் பந்தன்று. அது அவருக்கே உரியது. ஒப்பீட்டின் நிழலில் அந்தப் புதுமையும் பாதி மறைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டப் பகுதித் தொழிலாளி ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "ஐயா, எங்க பய முரளி மாதிரி வந்துருவானுங்களா? சாதாரண தரம் முடிஞ்சதும் கொழும்புக் கடைக்கு அனுப்புறதா, இன்னும் ரெண்டு வருசம் படிக்க விடுறதான்னு தெரியலைங்க" என்றார்.

"முரளி பத்தொன்பது வயதில் இங்கிலாந்து போய் வெறுங்கையோடு வந்தவர். அதுவரைக்கும் இரண்டு பேரும் சமம்தான்" என்றோம். அவர் சிரித்தார். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகும் கேள்வியன்று. 'வருவான்' என்றால், நாட்கூலியில் ஓடும் குடும்பத்தை நம்மால் காக்க முடியாத ஒரு வாக்கின்மேல் ஏற்றிவைத்தவராவோம். 'வரமாட்டான்' என்றால், பையன் மறுவாரமே கொழும்புக்கு வண்டியேறுவான்.

ஆகவே சில மாலைகள் அவன் பந்து வீசுவதைப் பார்த்தோம். அவனுக்கு இயல்பாக வந்தது லெக் ஸ்பின். பட்டப் பெயர் கிடைத்த நாள் முதல், முரளியைப் போல் கையை முறுக்கி ஓப் ஸ்பின் வீச முயன்று, இருந்த பந்தையும் இழந்துகொண்டிருந்தான். "உன் பந்தையே போடு, தம்பி" என்றோம். தகப்பனாரிடம், முரளியை மறந்துவிட்டு உயர்தரம் வரை படிக்க வைக்குமாறும், கடினப் பந்துப் பயிற்சியுள்ள பாடசாலையைத் தேடுமாறும் சொன்னோம். அவ்வாறே செய்தார். பையன் பாடசாலை அணியில் இடம் பெற்றான். உயர்தரப் பரீட்சையும் எழுதினான்.

தோட்டத்தில் வாழ்வோருக்கு இது புதிதன்று. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த தாய்ச் செடியில் ஓரிலையோடு தண்டு வெட்டி நட்டால், வளர்வது தாயைப் போலவே இருக்கும், அதுவே வீ.பி. தேயிலை. விதையில் முளைத்த பழைய தேயிலையோ செடிக்குச் செடி வேறுபடும். நம் பிள்ளைகள் விதைத் தேயிலை.

ஆதலால் பெற்றோரும் ஆசிரியரும் மைதான ஓரத்தில் நிற்கையில், இவன் யாரைப் போல் வருவான் என்பதை விடுத்து, இவனுக்கு எது வருகிறது, அது வளர நாம் எதைக் கொடுக்கலாம் என்று கேட்போமாக.